இரண்டாவது லாரி

மே மாதம், செவ்வாய், காலை ஆறு இருபது.
கீழ்க்கட்டளை மூன்றாவது குறுக்குத் தெருவில்
ஹெப்சிபா டீச்சர் கேட்டிருந்தது
ஒன்பதாயிரம் லிட்டர் தண்ணீர்.
வந்து நின்றது பதினெட்டாயிரம்.

முதல் லாரி சம்ப்பை நிரப்பிவிட்டுப் பின்னால் எடுக்க,
தெருமுனையை அடைத்துக்கொண்டு இன்னொன்று.
ஓட்டுநர் முனிரத்தினம் இறங்கிப் போனை நீட்டினார்:
அதே பெயர், அதே கதவு எண்,
அடுத்தடுத்து இரண்டு ரசீது.

துரைப்பாக்கத்தில், ஏழாவது மாடியில்,
என் திரையில் அது புகாராக விழுந்தது.
சிவப்பு. மிக அவசரம்.
‘வாடிக்கையாளர் ரெஃப்ரெஷ் அழுத்தியிருக்கிறார்.’

அழுத்தாமல் என்ன செய்வார்?
பணம் கட்டவென்று ஒரு குட்டி ஜன்னலை
நான்தான் அவர் முன் திறந்து வைத்தேன்.
ஓ.டி.பி.யைத் தட்டினார். பணம் போனது.
மூலையிலிருந்த பெருக்கல் குறியைத் தொட்டார்.
குட்டி ஜன்னல் போய்விட்டது,
போகிறேன் என்று பெரிய ஜன்னலிடம் சொல்லாமல்.
சொல்லிவிட்டுப் போக நான் அதைப் பழக்கவில்லை.

பெரிய ஜன்னல் காத்திருந்தது.
சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.
‘தயவுசெய்து பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டாம்’
என்று நான் எழுதிய ஒரு வரி,
சாம்பல் நிறத்தில், எறும்பு சைஸ் எழுத்தில்,
சம்ப்பில் அரையடிகூட மிச்சமில்லாத ஒருவரிடம்
கெஞ்சிக்கொண்டிருந்தது.

மூன்று நிமிடம் பொறுத்திருக்கிறார். பதிவில் இருக்கிறது.
நானாக இருந்தால் முப்பது நொடி.

பிறகுதான் அந்த வளைந்த அம்பு.
பிரவுசர்கூட ஒரு வார்த்தை கேட்டிருக்கும்:
முன்பு அனுப்பியதையே மறுபடி அனுப்பவா?
தண்ணீர் கேட்டவர்
வேண்டாம் என்றா சொல்வார்?

மதியச் சாப்பாட்டுக்குள் சரிசெய்தேன்.
இனி அரை நொடிக்கொரு தரம்
பெரிய ஜன்னல் குட்டியைக் கேட்கும்:
மூடிட்டியா? மூடிட்டியா? மூடிட்டியா?
ஆமாம் என்றதும் கேட்பதை நிறுத்த வேண்டும்
(முதல் தடவை இதை மறந்துவிட்டேன்;
இல்லாமல் போனதையே அது கேட்டுக்கொண்டிருந்தது,
லேப்டாப் விசிறி அலறும் வரை).
பிறகு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்,
ஒரே ஒரு முறை.
ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சீட்டு.
பஸ்ஸில் கிழித்த டிக்கெட் மாதிரி, மறுபடி செல்லாது.

மூடிப் பார்த்தேன். பாதியில் மூடிப் பார்த்தேன்.
நெட்டைப் பிடுங்கிவிட்டு மூடிப் பார்த்தேன்.
ரெஃப்ரெஷ்ஷைத் தாளம் போட்டுத் தட்டினேன்.
நாற்பது தடவையும் ஒரே லாரி.
நந்தகோபன் எட்டிப் பார்த்து,
‘நஷ்டத்தையும் எழுதிடு’ என்று போனார்.

மன்னிப்புக் கேட்கலாமென்று
மாலையில் டீச்சரை அழைத்தேன்.

‘அந்த லாரியா?
நிரப்பினதைத் திருப்பிக் கொண்டுபோனா
டீசல் யார் தருவாங்கன்னு
அவரே குழாயைத் திறந்துவிட்டுட்டாரும்மா.
மாடி வீட்டுப் பிள்ளைங்க, அயர்ன் வண்டி செல்லக்கண்ணு,
மெட்ரோ வேலைக்கு வந்த ஒடியாப் பசங்க
பெயிண்ட் டப்பாவைத் தூக்கிட்டு...
பதினேழு வீடு. ஒன்பது மணிக்கெல்லாம் காலி.
தெருவே சோப்பு வாசனை.’

கொஞ்சம் நிறுத்தி,
‘இப்போ சரிபண்ணிட்டீங்களா?’

பண்ணிட்டேன் மேடம். இனிமே வராது.

‘ஓ’ என்றார்.

புகாரின் அடியில் மூன்று கட்டங்கள்:
காரணம், தீர்வு, நஷ்டம்.
அந்த ‘ஓ’வை எதில் போடுவதென்று தெரியவில்லை.
நஷ்டத்தில் ஒரு லாரி என்று எழுதி
‘மூடு’ பொத்தானை அழுத்தினேன்.

நிச்சயமாக மூட வேண்டுமா? என்றது திரை.

அந்தக் கேள்வியையும் நான்தான் எழுதியிருந்தேன்,
போன வருஷம்,
வேறெதற்கோ.